நீல லீவரும் சைக்கிள் டைனமோவும்

எஞ்சின் நின்றுபோன விமானத்தில் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருப்பது நல்லதா, அதுவும் நின்றுவிடுவது நல்லதா? பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் "சுற்றுவதுதான் நல்லது" என்றிருப்பேன். காற்றுக்கு வழிவிட்டுத் தானாகச் சுற்றுகிறதே, அதில் என்ன தடை?

மகாராஷ்டிரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 172எஸ் ஓட்டிக்கொண்டிருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. அதன் புரொப்பெல்லர் ஒரே கோணத்தில் செய்து பொருத்தியது. நாம் அதை ஒன்றும் செய்ய முடியாது. எஞ்சின் போனால் 68 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகம் பிடி, வயலைத் தேடு, அவ்வளவுதான். 1000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் போகும் என்று கையேட்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டின் பக்கத்திலேயே 'புரொப்பெல்லர் காற்றில் சுற்றும் நிலையில்' என்று எழுதியிருப்பதைப் பலமுறை படித்திருக்கிறேன். ஏன் அப்படி எழுதினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்புறம் டயமண்ட் டிஏ-40 விமானத்துக்கு மாறினேன். அதில் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் இன்னொரு லீவர் உண்டு. புரொப்பெல்லர் பிளேடுகளின் கோணத்தை மாற்றி எஞ்சினின் சுழற்சி வேகத்தை வைத்திருப்பது அதன் வேலை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, 4000 அடியில் பயிற்சி தந்த சார் த்ராட்டிலை இழுத்துவிட்டு, "எஞ்சின் போச்சு" என்றார். 1150 கிலோ எடைக்கு 73 நாட், 1000 கிலோவுக்கு 68 என்கிறது கையேடு. நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் 70 பிடித்தேன். கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது, கரும்புக்குள்தான் இறங்கப் போகிறோம் என்று. மூக்கைக் கொஞ்சம் தூக்கினேன். வேகம் 62க்கு வந்தது, இறங்குவது இன்னும் மோசமானது. சார் ஒன்றும் சொல்லாமல் த்ராட்டிலைத் திறந்து மேலே கூட்டிப்போனார்.

மேலே போனதும் அதே ஆட்டம், ஆனால் இந்த முறை 70 நாட்டில் சீராக வந்ததும், "இப்போது நீல லீவரை முழுக்கப் பின்னால் இழு" என்றார். இழுத்தேன். எஞ்சின் சத்தம் அடங்கியது, யாரோ பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுபோல் விமானம் முன்னால் நழுவியது. நிமிடத்துக்கு 750 அடியை ஒட்டி இருந்த இறங்கு வேகம், அதே 70 நாட்டில் 650 பக்கம் வந்து நின்றது. நான் செய்தது ஒரு லீவரை இழுத்தது மட்டும்.

இறங்கி வந்து டீ குடிக்கும்போது சார் கேட்டார்: "சைக்கிளில் டைனமோ பார்த்திருக்கிறாயா?" பார்த்திருக்கிறேனாவது! அப்பாவின் சைக்கிளில் இருந்தது. இரவில் அதைத் தட்டி டயரோடு ஒட்டவிட்டால், அதுவரை லேசாகப் போன பெடல் கனத்துவிடும். சக்கரம்தான் டைனமோவைச் சுற்ற வைக்கிறது, அந்த உழைப்பு என் காலிலிருந்துதான் போகிறது. செத்துப்போன எஞ்சினும் அப்படித்தான். காற்று புரொப்பெல்லரைச் சுற்றுகிறது, புரொப்பெல்லர் பிஸ்டன்களை இழுத்துக்கொண்டு அலைகிறது. சிலிண்டரில் காற்றை அமுக்குவதற்கும் உராய்வுக்கும் வேண்டிய சக்தி முழுக்க நம் உயரத்திலிருந்து போகிறது. எஞ்சின் விமானத்தை இழுத்தது போய், விமானம் எஞ்சினை இழுக்கிறது.

நீல லீவருக்கு அவர் சொன்னது இன்னும் எளிது. இறக்கத்தில் பைக்கை ஆஃப் செய்துவிட்டு முதல் கியரில் விட்டால் எப்படிப் பிடிக்கும், நாலாவது கியரில் விட்டால் எப்படிப் போகும்? பிளேடு தன் அகலப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டித் தட்டையாக இருப்பது முதல் கியர். கோணத்தைக் கூட்டிக் காற்றோட்டத்தின் பக்கமாகத் திருப்பினால் நாலாவது கியர், எஞ்சின் மெல்லச் சுற்றும், இழுப்பு குறையும்.

"அப்படியானால் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன சார்?" என்றேன். கையேட்டை என் பக்கம் தள்ளினார். சுற்றும் புரொப்பெல்லரோடு உயரத்தைப்போல் 9.7 மடங்கு தூரம், நின்ற புரொப்பெல்லரோடு 10.3 மடங்கு. ஆக என் பழைய நம்பிக்கை அச்சிலேயே பொய்யாகிவிட்டது. "5000 அடியிலிருந்து கணக்குப் போடு" என்றார். கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 900 மீட்டர். ஆனால் சுற்றுவதை நிறுத்த வேகத்தைக் கிட்டத்தட்ட ஸ்டால் வரைக்கும், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் நிலை வரைக்கும், குறைக்க வேண்டும், அப்புறம் திரும்ப வேகம் பிடிக்க மூக்கைத் தாழ்த்த வேண்டும். இந்தக் கூத்தில் 500 அடி போனதென்று வைத்தால் 1.5 கிலோமீட்டர் போச்சு. லாபத்தைவிட நஷ்டம் பெரிது. தவிர, சுற்றிக்கொண்டிருந்தால் எரிபொருளும், தீப்பொறி தரும் மேக்னெட்டோவும் சரியானதும் எஞ்சின் தானே பிடித்துக்கொள்ளலாம். நிறுத்திவிட்டால் ஸ்டார்ட்டரை நம்ப வேண்டும். எனவே நாமாக நிறுத்தப் போகக்கூடாது, லீவரை இழுப்பதோடு சரி.

அந்த லீவரும் எப்போதும் கைகொடுக்காது. இந்த வகை ஒற்றை எஞ்சின் விமானங்களில் பிளேடைத் திருப்புவது எஞ்சின் ஆயில் அழுத்தம். புரொப்பெல்லர் சுற்றும்வரை ஆயில் பம்பும் சுற்றும், அதனால் லீவர் கேட்கும். ஆயில் கொட்டித்தான் எஞ்சின் போனதென்றால் பிளேடு தானாக முதல் கியருக்கு வந்துவிடும், நாம் எவ்வளவு இழுத்தாலும் பயன் இல்லை. இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது: பயிற்சியில் நாம் த்ராட்டிலை மூடுகிறோமே தவிர எஞ்சினை அணைப்பதில்லை. ஐடிலில் எரிகிற எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். நிஜமாகப் போனால் அந்தச் சலுகை கிடையாது, பழகியதைவிடச் சீக்கிரம் இறங்குவோம். அன்றிலிருந்து நான் பார்த்து வைக்கும் வயலை ஒரு வயல் கிட்டத்திலேயே பார்த்து வைக்கிறேன்.

தேர்வு நாளில் தேர்வாளர் 3500 அடியில் த்ராட்டிலை இழுத்தார். வேகம், வயல், காற்றின் திசை, எரிபொருள் டேங்க், நீல லீவர் என்று வரிசையாகப் போனது. வயலுக்கு வசதியாக வந்துகொண்டிருந்தேன், மனதுக்குள் ஒரு பெருமை. 500 அடியில் "போதும், மேலே போ" என்றார். சந்தோஷத்தில் த்ராட்டிலைத் தள்ளப் போனேன், அவர் கை குறுக்கே வந்தது. நீல லீவர் இன்னும் பின்னாலேயே இருந்தது. நாலாவது கியரில் மேடேறப் பார்த்திருக்கிறேன்! முதலில் நீலம் முன்னால், பிறகு த்ராட்டில். அதற்காகப் பத்து நிமிடம் திட்டிவிட்டுத்தான் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குத் திரும்பும்போது சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏடிஆர் 72 என்ற இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம். அதில் எஞ்சின் போனால் பிளேடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி முழுக்கத் திருப்பிவிட முடியும், அதற்கு ஃபெதர் என்று பெயர். தரையில் எஞ்சினை அணைத்த பிறகும் அப்படித்தான் நிற்கும். பின்வாசல் படியில் இறங்கியவன் இறக்கைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஆறு பிளேடும் கத்தியைத் திருப்பிப் பிடித்ததுபோல் இருந்தன. "தம்பி, வழியை விடுங்க" என்றார் பின்னால் பையோடு நின்றவர்.