நுளம்புக்குக் காய்ச்சல் வராதோ?

மாரி தொடங்கினால் அம்மம்மாவுக்கு முதல் வேலை வளவில் கிடக்கிற சிரட்டைகளைப் பொறுக்கிக் கவிழ்த்து வைப்பது. கிளிநொச்சிப் பக்கம் டெங்குக் கதை அடிபட்டுக்கொண்டிருந்த ஒரு காலை, குனிந்தபடியே கேட்டார்: "டெங்கைக் காவித் திரியிற நுளம்புக்குக் காய்ச்சல் வராதோ பிள்ளை?"

"அதுக்கேன் வரப்போகுது" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். பிறகு கூச்சமாக இருந்தது, தேடி வாசித்தேன்.

டெங்கு வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 10,700 எழுத்து (எழுத்து என்றால் ஆர்.என்.ஏ இழையின் ஒரு கண்ணி) நீளமான ஒற்றை ஆர்.என்.ஏ இழை. நுளம்பின் கலத்துக்குள் அது தன்னைப் பிரதி எடுக்கும்போது இரண்டு இழைகள் ஒட்டிக்கொண்ட நீளமான ஆர்.என்.ஏ உருவாகும், அதைக் கண்டதும் டைசர்-2 என்ற புரதம் வந்து 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கிவிடும். அந்தத் துண்டில் ஓர் இழையை ஆர்கோநாட்-2 என்ற இன்னொரு புரதம் கையில் வைத்துக்கொண்டு, அதோடு பொருந்துகிற வைரஸ் ஆர்.என்.ஏ எங்கே அகப்பட்டாலும் வெட்டும். சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு ஆளாளாகப் பார்ப்பது மாதிரி. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொரு வகைச் சின்ன ஆர்.என்.ஏவும் உண்டு, 24 முதல் 30 எழுத்துவரை நீளம், பிவி என்ற புரதங்களோடு சேர்ந்து வேலை செய்வது. பழ ஈயில் இது முக்கியமாக முட்டை, விந்துக் கலங்களில் தாவும் மரபணுக்களை (மரபணுத்தொகுதிக்குள் இடம் மாறித் திரிகிற துண்டுகளை) அடக்குகிற காவல். டெங்கைக் காவுகிற ஈடிஸ் நுளம்பிலோ பிவி மரபணுக்கள் பெருகி, உடம்பின் மற்றப் பாகங்களிலும் வைரஸைக் கவனிக்கின்றன. எப்போதோ தொற்றிய வைரஸ்களின் துண்டுகள் நுளம்பின் மரபணுத்தொகுதியிலேயே ஒட்டிக் கிடக்கின்றன, அவற்றிலிருந்தும் இந்தச் சின்ன ஆர்.என்.ஏக்கள் பிறக்கின்றன. பாட்டன் பூட்டனுக்கு வந்த வருத்தத்தைப் பேரன் நினைவு வைத்திருக்கிற கதைதான்.

சரி, இவ்வளவு காவல் இருந்தும் வைரஸ் ஏன் முற்றாக அழிவதில்லை? அடங்குகிறது, அவ்வளவுதான். டெங்கு வந்த ஆளை நுளம்பு கடித்து எட்டுப் பத்து நாளில் வைரஸ் அதன் உமிழ்நீருக்கு வந்துவிடும், நுளம்போ சாகும்வரை சுகமாகப் பறந்து பறந்து கடிக்கும். அதன் நோயெதிர்ப்பு நன்றாக வேலை செய்வதுதான் எங்களுக்குக் கேடு.

இதையெல்லாம் அம்மம்மாவுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, "அப்ப அந்தக் கத்தரிக்கோலைப் பறிச்சுவிட்டா அது செத்துப்போகுமோ?" என்றார்.

செத்துப்போகவும் கூடும். சிண்ட்பிஸ் என்ற வைரஸுக்குள், இந்த வெட்டும் வேலையைத் தடுக்கிற புரதம் ஒன்றைச் செருகி ஈடிஸ் நுளம்புக்குக் கொடுத்தபோது, வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகி நுளம்புகள் செத்தன.