சுத்தியல் வாங்கிய கணக்கு

"ஜியாலஜி படிச்சா சோறு கிடைக்குமா சித்தி?" என்று அக்கா மகள் கேட்டாள். பாறை, மண், கனிமம் பற்றிய அந்தப் படிப்பைப் படித்தவள்தான் நான். சரி, என் கணக்கையே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பி.எஸ்சி. அரசுக் கலைக் கல்லூரியில். கல்விக் கட்டணம் கிடையாது. மற்றதெல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். காசைத் தின்றது களப்பயணம். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அம்மோனைட் (எப்போதோ அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடல் உயிரியின் புதைபடிவம்) தேடப் போவதற்காக பூட்ஸ், பத்து மடங்கு லென்ஸ், சுத்தியல் என்று வாங்கினேன். அந்தச் சுத்தியல் பிடி ரப்பர் கழன்று இன்னும் பரணில் கிடக்கிறது.

முதல் வேலை, போர்வெல்லுக்கு இடம் பார்த்துச் சொல்லும் சின்னக் கம்பெனியில். மாதம் 9,000, பெட்ரோல் என் கைக்காசு. (சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நான் ஜியாகிரபி படித்ததாகத்தான் நினைக்கிறார்கள்.) அப்புறம்தான் எம்.எஸ்சி. அதை முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். தேறி, இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் (ஜி.எஸ்.ஐ.) ஜியாலஜிஸ்ட்டாகச் சேர்ந்தால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய், படிகள் தனி. இடங்கள்தான் குறைவு. நான் இரண்டு தடவை எழுதிக் கோட்டைவிட்டேன். இப்போது குவாரிகளுக்குச் சுரங்கத் திட்டம் எழுதுகிறேன், பிழைப்பு ஓடுகிறது.

லட்சக்கணக்கில் கட்டி மட்டும் இதைப் படிக்காதே என்றேன். அவள் பரணைப் பார்த்தாள். "சுத்தியலை எனக்குத் தருவியா?"