மருந்து போன வழியைக் காட்டும் இரும்பு

“ஏன் பிள்ளே, கட்டி இருக்கது நெஞ்சுல, தலைமுடி என்னத்துக்குக் கொட்டணும்?” என்று என் மைனி கேட்டார். திருவனந்தபுரத்தில் இரண்டாவது தவணை கீமோ முடிந்து, பாறசாலை தாண்டிக் களியக்காவிளையை நோக்கிப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். அவருக்கு ஏற்றப்பட்டது டாக்ஸோரூபிசின். செம்பருத்திப் பூவைப் பிழிந்தாற்போலச் சிவந்த மருந்து அது. மறுநாள் சிறுநீரும் அதே நிறத்தில் போகும். இரத்தத்தில் கலந்த மருந்துக்குக் கட்டி எது, முடிவேர் எது என்று தெரியாது; வேகமாகப் பெருகும் செல்கள் எங்கே இருந்தாலும் அவற்றைத் தாக்கும். இதயத்தையும் அது பாதிக்கக்கூடும் என்பதால்தான் சிகிச்சை தொடங்கும் முன் எக்கோ எடுக்கிறார்கள். வாழ்நாளில் ஒருவருக்கு இவ்வளவுதான் தரலாம் என்று மொத்த அளவுக்கு வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள். மைனியின் கேள்விக்கு, துளையுள்ள காந்த நானோ துகள்களில் மருந்தேற்றிக் கட்டிக்குக் கொண்டுசேர்க்க முயலும் துறையினர் தேடிவரும் விடைகளில் ஒன்றை, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கரிமணலை வைத்தே வகுப்பில் சொல்லத் தொடங்குவேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தாளில் சுற்றி மணலில் இழுத்தால் கறுப்புத் துகள்கள் மயிர் சிலிர்த்தாற்போல எழுந்து ஒட்டும். அவற்றுள் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடும் உண்டு. காந்தத்தை அகற்றிய பிறகும் சில துகள்கள் ஒன்றையொன்று விடாமல் கொத்தாகவே கிடக்கும். இரத்தக் குழாய்க்குள் இப்படி நடந்தால் மெல்லிய நாளங்கள் அடைபட்டுப்போகும். ஆனால் அதே மேக்னடைட்டை ஏறத்தாழ 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சிறிதாக்கினால் அதன் குணம் மாறுகிறது. காந்தப்புலம் இருக்கும்வரை வலுவாகக் காந்தமாகி, புலம் நீங்கியதும் காந்தத்தன்மை எதுவும் மிஞ்சாமல் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இதைத்தான் சூப்பர்பாராமேக்னடிசம் என்கிறார்கள்.

மருந்தை ஏற்றுவதற்காக இந்த இரும்புக் கருவைச் சுற்றி, மணலில் உள்ள சிலிக்காவால் துளைகள் நிறைந்த உறை ஒன்றை வளர்க்கிறார்கள். சோப்பு போன்ற ஒரு சேர்மம் நீரில் உருளை உருளையாகத் திரண்டு நிற்க, அவற்றின் இடைவெளிகளில் சிலிக்கா உறைகிறது. பின்னர் அந்தச் சேர்மத்தைக் கழுவி எடுத்தால், உருளைகள் இருந்த இடமெல்லாம் இரண்டு முதல் நான்கு நானோமீட்டர் அகலமுள்ள துளைகளாக எஞ்சும். மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டியைத் திறந்து அடையைப் பார்த்தவர்களுக்கு வேறு படம் தேவையில்லை. இவ்வகைச் சிலிக்கா ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது நம் ஊர்க் கணக்கில் 25 சென்ட் நிலம். அவ்வளவு பரப்பிலும் மருந்து ஒட்டிக்கொள்ளலாம். அமிலத்தன்மை கூடக்கூடக் குறையும் அளவான பிஎச் இரத்தத்தில் 7.4, துகளை விழுங்கிய செல்லின் உள்ளறையிலோ அது ஐந்து, ஆறு என்று இறங்கிவிடும். அந்த அமிலச் சூழலில் டாக்ஸோரூபிசினின் பிடி தளர்ந்து அது வேகமாக வெளியேறும். இரும்பு ஆக்சைடையே உள்ளீடற்ற, துளையுள்ள கூடாகச் செய்து சிஸ்பிளாட்டின் என்னும் இன்னொரு புற்றுநோய் மருந்தை நிரப்பும் முறையை, 2009இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஷௌஹெங் சுன் குழுவினர் வெளியிட்டனர். அதில் அமிலம் துளைகளின் வாயையே அரித்து அகலமாக்குகிறது.

வெளியிலிருந்து காந்தம் வைத்துத் துகளைக் கட்டிக்கு இழுத்துவிடலாம் என்பதே இத்துறையைப் பற்றி அதிகமாகப் பேசப்படுவது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காந்த விசை தொலைவு கூடக்கூட மிக விரைவாகக் குறைந்துவிடும். தோலுக்கு அருகிலுள்ள கட்டிக்கு எட்டுவது உடலின் ஆழத்திலுள்ள கட்டிக்கு எட்டாது. நான் பெரிதாக நினைப்பது எம்ஆர்ஐ படத்தில் இரும்பு பதிக்கும் தடயத்தை. அது சேர்ந்த இடம் படத்தில் கறுத்துத் தெரியும். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் என்னும் இரும்பு ஆக்சைடு மருந்து இப்படித்தான் கல்லீரல் கட்டிகளைக் காட்டியது. நலமான கல்லீரலில் அந்நியத் துகள்களை விழுங்கும் குப்ஃபர் செல்கள் இரும்பை விழுங்கிக் கறுக்க, அச்செல்கள் இல்லாத கட்டி வெளுப்பாக நின்றது. பின்னர் அம்மருந்து சந்தையிலிருந்து போய்விட்டது.

மருந்தும் இரும்பும் ஒரே துகளில் இருந்தால், மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்க்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், உடலில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைவது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதம்தான் என்று, பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழுவினர் 2016இல் காட்டினர். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. ஒருவருடைய கட்டிக்குள் துகள் சேரவில்லை என்று முதல் தவணையின் படத்திலேயே தெரிந்துவிட்டால், மீதித் தவணைகளை அவர் வீணாகத் தாங்க வேண்டியதில்லை. துளையுள்ள காந்தத் துகளில் மருந்தேற்றித் தரும் முறை இன்னும் ஆய்வுக்கூடத்தையும் விலங்குச் சோதனைகளையும் தாண்டி வழக்கமான சிகிச்சையாக வரவில்லை என்பதையும் மைனியிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “செரி, அந்த இரும்பு கடைசில எங்க போவும்?” என்று கேட்டார். கல்லீரல் அதை மெல்லச் சிதைத்து உடலின் இரும்புச் சேமிப்போடு சேர்த்துவிடும் என்றேன். சிலிக்கா கரைந்து சிறுநீரில் போய்விடும். ஃபெருமாக்ஸிடால் என்னும் இரும்பு ஆக்சைடு நானோ மருந்து 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே, சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காகத்தான். மைனி கைப்பையைத் திறந்து, ஹீமோகுளோபின் குறைந்ததற்காக அன்று எழுதிக்கொடுத்திருந்த இரும்பு மாத்திரை அட்டையை எடுத்து, அதிலிருந்த எழுத்தைப் படிக்கத் தொடங்கினார்.