பனி முதலில் உருகும் சரிவு

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை துரினில் ரயில் ஏறி ஆல்பாவில் இறங்கினேன். அங்கிருந்து பஸ்ஸில் நெய்வே. இத்தாலியின் வடமேற்கில், பியெமோந்தே பகுதியில், லாங்கே என்று சொல்லப்படும் குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். அங்கே ஒரு குடும்பத்தின் தோட்டத்துக்கு மூன்று வருடமாகத் திராட்சை அறுவடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். குளிர்காலத்தில் போனது அதுதான் முதல் முறை.

இரண்டு நாள் முன்பு பெய்த பனியில் குன்றெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. வீட்டுப் பெரியவரை எல்லாரும் ‘நோன்னோ’ என்பார்கள், தாத்தா என்று அர்த்தம். அவர் என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய் எதிர்ச் சரிவைக் காட்டினார். ஒரு இடத்தில் மட்டும் பனி கரைந்து ஈரமண் தெரிந்தது.

“எங்கே முதலில் உருகுதோ அங்கே நெப்பியோலோ. அதுக்கு அடுத்த இடம் பார்பெராவுக்கு. இன்னும் வெள்ளையா இருக்கு பார், அங்கே டோல்செட்டோ. வெயிலே படாத பக்கம் ஹேசல்நட் மரம்.”

முதல் மூன்றும் ஒயின் செய்யும் திராட்சை வகைகள். அதுவரை நான் பெயர் பெயராக மனப்பாடம் செய்துவைத்திருந்த விஷயம் அப்போதுதான் புரிந்தது. நெப்பியோலோ எல்லாருக்கும் முன்னால் துளிர்விட்டு, எல்லாருக்கும் கடைசியில் பழுக்கிற கொடி. வசந்தத்தில் வரும் கடைசிப் பனியையும் அது தாங்க வேண்டும், அக்டோபர் மழையையும் தாங்க வேண்டும். அதனால் வெயில் அதிகம் விழும் தெற்குச் சரிவை அதற்கே கொடுத்துவிடுவார்கள். பெயருக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். இத்தாலியனில் ‘நெப்பியா’ என்றால் மூடுபனி. அறுவடை நேரத்தில் பள்ளத்தாக்கு முழுக்க அதுதான் நிற்கும். இல்லை, பழத்தின் தோல்மேல் படியும் வெண்பூச்சைத்தான் சொல்கிறார்கள் என்பது இன்னொரு கட்சி. விடியற்காலையில் அந்தப் புகைமூட்டத்தில் நின்று கத்தரி பிடித்தவன் என்பதால் எனக்கு முதல் கட்சிதான்.

பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு பெரிய ஒயின்களும் முழுக்க இந்த ஒரே பழத்தில் செய்வது. ஆல்பாவுக்குத் தென்மேற்கே பரோலோ, அதற்குப் பதினோரு ஊர்கள். கிழக்குப் பக்கம் பார்பரெஸ்கோ. நெய்வேயும் அதில் சேர்த்தி. பரோலோவை 38 மாதம் வைத்திருந்துதான் விற்க வேண்டும் என்பது சட்டம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9.

இவ்வளவு காலம் எதற்கு என்றால், துவர்ப்பு. கிளாஸில் ஊற்றினால் நிறம் லேசாக இருக்கும், பின்னால் விரலை வைத்தால் தெரியும். மூக்கருகே கொண்டுபோனால் ரோஜா வாசனையோடு புதிதாகப் போட்ட ரோட்டின் தார் வாசனையும் வரும். சரி, மென்மையாக இருக்கும்போல என்று ஒரு வாய் குடித்தால் ஈறும் நாக்கும் ஒட்டிக்கொள்ளும், கடுக்காய் கடித்தது மாதிரி. இந்தத் துவர்ப்பைத் தருவது டானின். ஒயின் பழகுகிறவர்கள் அந்தச் சொல்லைப் பிடிக்கச் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணி வளர்ந்த நமக்கு அந்தச் சிரமமே இல்லை. அந்தத் துவர்ப்பு அடங்கத்தான் வருடங்கள் வேண்டும்.

பார்பரெஸ்கோ ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் தங்கள் பழத்தைப் பரோலோ செய்கிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆல்பா ஒயின் பள்ளியின் தலைவர் தொமித்சியோ கவாத்சா 1894-ல் அங்கே கூட்டுறவு ஒன்றை ஆரம்பித்து, ஊர்ப் பெயரிலேயே ஒயினை விற்க வைத்தார். பாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. 1958-ல் ஊர்ப் பாதிரியார் ஃபியோரினோ மரெங்கோ 19 சிறு விவசாயிகளைச் சேர்த்து மறுபடி தொடங்கினார். முதல் சில வருட ஒயினைக் கோயிலின் நிலவறையில்தான் செய்தார்கள். அந்தக் கூட்டுறவு இன்றும் நடக்கிறது. லாங்கேக்குப் போகிறவர்கள் பெரிய பண்ணைகளைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு நோன்னோ பார்பரெஸ்கோ எடுக்கவே மாட்டார். அன்று ‘பாஞ்ஞா காவுதா’ செய்திருந்தார்கள். நெத்திலி வகை உப்பு மீனும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் கரையக் கரையச் சூடாக்கி, பச்சைக் காய்கறியைத் தோய்த்துச் சாப்பிடுவது. அதற்குப் பார்பெராதான். நிறம் கருஞ்சிவப்பு, துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல். அந்தப் புளிப்பு எண்ணெயை வாயிலிருந்து கழுவிவிடும்.

என் பிரியம் டோல்செட்டோமேல். பெயருக்கு ‘இனிப்புக் குட்டி’ என்று அர்த்தம், ஒயினில் இனிப்பே இருக்காது. நாவற்பழ நிறம், கடைசியில் பாதாம் தோல் போல ஒரு சின்னக் கசப்பு. ஓரிரு வருடத்தில் குடித்துவிட வேண்டியது. விலையும் மனிதர் வாங்கும் விலை. அந்தக் கொடிதான் இப்போது குறைந்துகொண்டு வருகிறது. பருவநிலை சூடாகிவிட்டதால் முன்பு பழுக்காத சரிவுகளிலும் நெப்பியோலோ பழுக்கிறது, விலையும் அதற்குத்தான் கிடைக்கிறது. டோல்செட்டோவைப் பிடுங்கிவிட்டு நெப்பியோலோ நடுகிறார்கள், இல்லாவிட்டால் ஹேசல்நட். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கடன் அவருக்கு, வெயில் அவருக்கு. இருந்தாலும், தினம் மேஜைக்கு வருகிற ஒயின் போய்விட்டு, பெட்டியில் வைத்து ஏற்றுமதி ஆகிற ஒயின் மட்டும் மிஞ்சினால் அந்த ஊருக்கு அது பெரிய இழப்பு. தெற்கே டோல்யானியில் மட்டும் நல்ல சரிவுகளையே டோல்செட்டோவுக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கத்தி ஒயினைக் குடித்தால் இந்தப் பழத்தால் என்ன முடியும் என்று தெரியும்.

நோன்னோவிடம் டோல்செட்டோ ஒன்பது வரிசை இருக்கிறது. அவர் மகன் இரண்டு வருடமாக அதைப் பற்றிப் பேச்சு எடுக்கிறார், பெரியவர் பதில் சொல்வதில்லை.

செப்டம்பரில் முதலில் அறுப்பது அந்த ஒன்பது வரிசையைத்தான். பழுத்த டோல்செட்டோ காம்பில் நிற்காது, கொத்தைத் தொட்டாலே மணி மணியாக உதிரும். முதல் வருடம் நான் கத்தரியை நீட்டியபோது பத்துப் பழமாவது புல்லில் விழுந்திருக்கும். நோன்னோ ஒன்றும் சொல்லாமல் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அப்புறம் என் கூடையை எடுத்துக் கொத்துக்கு நேர் கீழே வைத்தார்.

“முதலில் கூடை. அப்புறம் கை.”