ஷூ சைஸ் 10

அந்தக் குறிப்பில் இருப்பது இரண்டே வரி. "உடல் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது. கூடப் படிக்கிற பையன்களைவிட இப்போது இவனுக்கு இருக்கும் பலம் நீடிக்காது." 2024 ஏப்ரலில் எழுதினேன். கல்லூரி அமெரிக்க ஃபுட்பாலுக்குப் போகக்கூடிய பள்ளிப் பையன்களை அளந்து பார்த்துப் பட்டியல் போடுவது என் வேலை. பையனுக்கு 13 வயது, ஏழாம் வகுப்பு. டெக்சாஸ் மாநிலப் பட்டியலில், 2029-இல் பள்ளி முடிக்கிறவர்கள் வரிசையில், 14-ஆம் இடம் கொடுத்தேன். பெயருக்குக் கீழே இதை எழுதிவிட்டு அடுத்த பையனுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு நாற்பது பேருக்காவது எழுதியிருப்பேன். மற்ற எதுவும் நினைவில் இல்லை.

எப்படித் தெரிந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குருட்டாம்போக்கில் எழுதியதில்லை அது. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் முப்பது வருஷம் பள்ளிகளில் ஃபுட்பால் கோச்சாக இருந்தவர். முகத்தைப் பார்க்காதே, பாதத்தைப் பார் என்பார். உயரம் நிற்பதற்கு முன்னாலேயே பாதம் வளர்வது நின்றுவிடும். பெரிய பாதமும் ஒல்லிக் காலுமாகத் தடுக்கி விழுகிறவன் இனிமேல்தான் வளரப்போகிறான். மீசை அரும்பி, தோள் அகன்று, கை கால் எல்லாம் அளவாகப் பொருந்தி அழகாக ஓடுகிறவன் வளர்ந்து முடிக்கப்போகிறான். அதனால் கேம்ப்பில் பதிவு மேஜைக்கு வருகிற ஒவ்வொரு பையனிடமும் ஷூ சைஸ் கேட்போம். அப்பா அம்மா உயரமும் கேட்போம். இரண்டையும் கூட்டி, ஆண்பிள்ளை என்பதால் 5 அங்குலம் சேர்த்து, பாதியாக்கினால் பையன் எங்கே போய் நிற்பான் என்று ஒரு கணக்கு வரும். குழந்தை மருத்துவர்கள் போடுகிற கணக்குதான்.

இவன் அப்பா 5 அடி 9 அங்குலம். அம்மா 5 அடி 3. கணக்குப்படி பையன் 5 அடி எட்டரை வர வேண்டும். அன்றைக்கே 5 அடி 10 இருந்தான்.

"ஷூ சைஸ்?"

"10, சார்."

"போன வருஷம்?"

"அப்பவும் 10தான், சார்."

பெருமையாகச் சொன்னான். பன்னிரண்டு வயதிலேயே பெரியவர்கள் ஷூ போட்டவன் என்கிற பெருமை. பிறகு கையை அளந்தோம். மேஜையில் ஒட்டியிருக்கிற டேப்பின்மேல் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை விரித்து வைக்க வேண்டும். இன்னும் கால் அங்குலம் கிடைக்காதா என்று நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தினான். நான் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகும் கையை எடுக்கவில்லை. "போதும், எடுத்துக்கொள்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

களத்தில் அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை. டிஃபென்ஸிவ் எண்ட், அதாவது தடுக்கும் அணியின் முன்வரிசை ஓரத்தில் ஆடுகிறவன். எதிரே நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குரல்கூட உடையவில்லை. ஒருவனைத் தள்ளிவிட்டுத் தாண்டிப் போனான், விசில் ஊதியதும் திரும்பி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ஒவ்வொரு முறையும் தூக்கிவிட்டான். அதை நான் குறிப்பில் எழுதவில்லை. அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

பெரிய கல்லூரிகளில் அந்த இடத்தில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் 6 அடி 3 அங்குலத்தை ஒட்டி இருப்பார்கள். இவன் அங்கே போகமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. நிச்சயமாக என்று சொல்ல முடியாது. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டியிருப்பேன்.

அப்பா ஏசி பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். தனிப் பயிற்சியாளருக்கு வாரம் இரண்டு நாள் பணம் கட்டிக்கொண்டிருந்தார். எழுதும்போது அவர்தான் மனதில் இருந்தார். கொஞ்சம் நிதானிக்கட்டும், பையனை வேறு இடத்திலும் ஆடிப் பார்க்க விடட்டும், பணத்தை மிச்சம் பிடிக்கட்டும் என்று நினைத்தேன். இதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற காரணம். பொய்யில்லை. ஆனால் எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிற பையனிடம், அவர்கள் பார்க்காத ஒன்றை நான் பார்த்துவிட்டேன் என்று காட்டிக்கொள்கிற ஆசையும் அந்த இரண்டு வரியில் இருந்தது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2025 பிப்ரவரியில் அவர்கள் மறுபடி வந்தார்கள். படிவத்தில் வகுப்பு: ஏழு. பள்ளி முடிக்கும் வருஷம்: 2030. தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து அப்பாவிடம் கேட்டேன்.

"தப்பில்லை. ரீகிளாஸ் பண்ணிவிட்டோம்" என்றார். பையனை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரவைப்பதற்கு இங்கே அதுதான் பெயர். அரசுப் பள்ளியில் விளையாட்டுக்காக ஏழாவதிலோ எட்டாவதிலோ நிறுத்திவைத்தால் பின்னால் உயர்நிலைப் பள்ளியில் ஒரு வருஷ ஆட்டம் பறிபோகும் என்று டெக்சாஸில் விதி இருக்கிறது. அதனால் தனியார் பள்ளிக்கு மாற்றியிருந்தார். ஃபீஸ் கட்ட சனிக்கிழமையும் வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். என் இரண்டு வரிகள். திரையைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

"நீங்கள் எழுதியதுதானே? கூடப் படிக்கிற பையன்களைவிட இருக்கும் பலம் நீடிக்காது என்று. சரி, கூடப் படிக்கிற பையன்களை மாற்றிவிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னார். யாரும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதில்லை, நீங்கள்தான் சொன்னீர்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்த இடத்தைத்தான் ஒரு வருஷமாகத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு எந்த அர்த்தத்தில் என்று கேட்டிருப்பார். உங்கள் பிள்ளை அவ்வளவுதான் வளர்வான் என்ற அர்த்தத்தில் என்று, அவன் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது? ஒரு வருஷம் முன்னால் அதை எழுத மட்டும் முடிந்ததே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர் என் வாக்கியத்தைத் தப்பாகவும் படிக்கவில்லை. வயதில் சின்னவர்களோடு நின்றால் பலம் இன்னும் ஒரு வருஷம் நீளும். கணக்குச் சரிதான். நான் நிறுத்து என்று சொன்னதாக நினைத்த இடத்தில் அவருக்கு வழி கிடைத்திருக்கிறது.

"நன்றி" என்று சொன்னேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

இந்த வேலையை மட்டமாகப் பேசுகிறவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், இப்போதும் போடுவேன். நாங்கள் பட்டியல் போடாவிட்டாலும் யாரோ போடுவார்கள். சின்னப் பையனைத் தேடிப் போகிற பழக்கத்தை நாங்கள் தொடங்கவில்லை. 2010 பிப்ரவரியில் டேவிட் சில்ஸ் என்ற 13 வயதுக் குவார்ட்டர்பேக்குக்கு (பந்து எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்), ஏழாம் வகுப்பில், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அன்றைய கோச் லேன் கிஃபின் இடம் தருவதாகச் சொன்னார். பையனும் சம்மதித்தான். 2013-இல் கிஃபின் வேலையே போய்விட்டது. சில்ஸ் கடைசியில் வெஸ்ட் வர்ஜீனியாவில் பந்து எறிவதை விட்டுப் பிடிக்கிறவராக மாறி, 2017 சீசனில் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்து 18 டச்டவுன் எடுத்தார். எங்கள் அலுவலகத்தில் இந்தக் கதையை, பார், 13 வயதிலேயே திறமையைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கோ அது எதிர்ப்பக்கமாகத்தான் தெரிகிறது: அந்த வயதில் அவர் எந்த இடத்தில் ஆடப்போகிறார் என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

இப்போது பணம் வேறு சேர்ந்துவிட்டது. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருஷத்தில் கல்லூரி ஒன்றுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. சனிக்கிழமை வேலைக்குப் போகிற ஒரு அப்பா இந்த எண்ணைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா? இருக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? வாய்வார்த்தையாக வருகிற ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது, பள்ளியின் கடைசி வருஷம் ஆகஸ்ட் 1-க்கு முன்னால் எழுத்தில் கொடுக்கவும் முடியாது என்பதை எத்தனை பெற்றோரிடம் விளக்கியிருக்கிறேன். தலையாட்டிவிட்டு, "சரி, இவன் எத்தனையாவது?" என்பார்கள்.

பெரிய பையன்களைப் பட்டியல் போடுகிறவர்களுக்காவது ஒரு சோதனை இருக்கிறது. 247ஸ்போர்ட்ஸ் என்ற தளம் வருஷத்துக்கு ஏறக்குறைய 32 பேருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது, தொழில்முறை லீகான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சுற்றில் 32 பேர் எடுக்கப்படுகிறார்கள் என்பதற்காக. நான்கைந்து வருஷத்தில் யார் சொன்னது பலித்தது என்று ஊருக்கே தெரியும். பின்னால் என்எஃப்எல்லில் பெரிய குவார்ட்டர்பேக்கான ஜோஷ் ஆலனைப் பள்ளி முடிக்கும்போது பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை, ரீட்லி என்ற இரண்டு வருஷக் கல்லூரியில் சேர்ந்து அப்புறம் வயோமிங் போனார், 2018-இல் என்எஃப்எல்லுக்கு ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். நாங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போடுகிற பட்டியலை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. அந்தந்த வீட்டில் மட்டும்தான் அது இருக்கும்.

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன். அப்பா தண்ணீர் வாங்கப் போனார். பையன் என் மேஜை முன்னால் நின்றான். போன வருஷம் இருந்த துள்ளல் இல்லை, ஆனால் வாட்டமாகவும் இல்லை. பழைய கூட்டாளிகள் எட்டாம் வகுப்பு வரிசையில் நின்று இவனைப் பார்த்துக் கையாட்டினார்கள். இவனும் ஆட்டினான். நான் ஷூ சைஸ் கேட்க வாயெடுக்கும் முன்னால் அவனே சொன்னான்.

"11, சார்."

உயரம் அளக்க ஷூவைக் கழற்றச் சொன்னேன். ஷூ 11தான். உள்ளே காலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சாக்ஸ் போட்டிருந்தான். மேல் சாக்ஸின் விளிம்பு சரிந்து கீழே இருந்தது தெரிந்தது. நான் பார்ப்பதை அவன் பார்த்தான். குனிந்து மேல் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு சுவரோடு ஒட்டி நின்று மூச்சை இழுத்துப் பிடித்தான். 5 அடி பத்தேகால்.

ஷூ சைஸ் எதற்குக் கேட்கிறோம் என்று யார் சொன்னார்களோ. அப்பாவா, பயிற்சியாளரா, அவனேவா. அப்பா சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் முகத்தில் ஒளிவுமறைவு இல்லை. அந்த இரண்டு வரியை ஒரு வருஷமாகப் படித்துப் படித்து அவனே கண்டுபிடித்திருப்பான்.

படிவத்தில் 11 என்று எழுதினேன். போட்டுக்கொண்டு வந்தது 11தானே. பிற்பகல் கூம்புகளைச் சுற்றி ஓடும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் குதிகால் ஷூவைவிட்டு எழும்பியது. இரண்டு முறை வழுக்கினான். நேரம் போன வருஷத்தைவிடக் குறைவாக வந்திருக்க வேண்டும், கூடுதலாக வந்தது. அதையும் எழுதினேன். புதிய பட்டியலில், அவனைவிட ஒரு வயது சின்னவர்கள் நடுவில், 9-ஆம் இடம் கொடுத்தேன். பெயருக்குக் கீழே உடல் வளர்ச்சி பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. "கடும் உழைப்பாளி, சக வீரர்களை மதிப்பவன்" என்று எழுதினேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எழுதாமல் விட்டது அவன்மேல் இருந்த இரக்கமா, அப்பா பிடித்துக் குலுக்கிய கையின் சூடா, மறுபடி என் வரியை யாரும் போனில் காட்டக்கூடாது என்ற பயமா? ஒரு நாள் ஒன்று சரியாகப் படுகிறது, இன்னொரு நாள் இன்னொன்று. முதல் வருஷம் எழுதியதால் ஒரு பிள்ளை வகுப்பில் தங்கினான். இரண்டாம் வருஷம் எழுதாததால் என்ன ஆகும் என்பது இன்னும் தெரியவில்லை. அவன் எனக்குத் தெரியாமல் வளரவும் வளரலாம். அந்தக் கணக்குக்குள் அடங்காத பையன்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷக் கேம்ப்புக்குப் படிவம் தயாரானபோது ஷூ சைஸ் கேள்வியை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். பையன்கள் பொய் சொல்கிறார்கள், தகவல் பயன்படுவதில்லை என்று காரணம் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். உயரம் அளக்கும் இடத்தில் பிள்ளைகள் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வரிசையாக வைக்கிறார்கள். நாக்குப் பட்டையின் உள்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணை, குனியாமலேயே, நான் இன்னமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.