1966-ல் உதைத்த பந்து

கெயின்ஸ்வில்லுக்கு நான் போனது மகளைப் பார்க்க. ஃபுட்பால் பார்க்க இல்லை. ஆர்லாண்டோவில் இறங்கி வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் வரும். வழியெல்லாம் பைன் மரம், நடுநடுவே குதிரைப் பண்ணை. "சனிக்கிழமை வெளியே எங்கேயும் போக முடியாதுப்பா, மேட்ச் இருக்கு" என்றாள். கோயில் திருவிழாவுக்குத் தேர் வருகிற தெருவில் வீடு இருப்பவர்கள் சொல்வது மாதிரியே சொன்னாள். சரி, அந்தத் தேரையே பார்த்துவிடுவோம் என்று டிக்கெட் எடுக்கச் சொன்னேன்.

அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து கிடையாது. இரண்டு முனையும் கூரான பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். ஒரே ஒரு ஆளைத் தெரிந்துகொண்டால் போதும் என்றாள் மகள்: குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். இவர் எறியலாம், பக்கத்து ஆளிடம் கொடுக்கலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். உதைப்பது இவர் வேலை இல்லை, அதற்குத் தனி ஆள் உண்டு. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே யுனிவர்சிட்டி அவென்யூ முழுக்க ஆரஞ்சும் நீலமும். கார் டிக்கியைத் திறந்துவைத்து, பக்கத்தில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, மேட்ச் தொடங்கும் வரை தின்றுகொண்டே இருக்கிறார்கள். டெயில்கேட் என்று பெயர். மகளோடு லேபில் வேலை செய்கிற பையனின் குடும்பம் எங்களையும் கூப்பிட்டிருந்தது. தாத்தா, பாட்டி, அப்பா, பையன் என்று மூன்று தலைமுறையும் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார்கள். பார்த்தால் தோலோடு உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை! அமெரிக்காவின் தென்பகுதியில் இது ரோட்டோரத்தில் விற்கிற பண்டமாம். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து நம்மூர் பஸ் ஸ்டாண்ட் கடலையைத் தின்கிறேன். தோலைக் கடித்து உப்புத்தண்ணீரை உறிஞ்சிவிட்டு உரித்ததைப் பார்த்ததும் தாத்தாவுக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது. பாதி சிநேகம் கடலையிலேயே ஆகிவிட்டது.

"ஸ்பரியரைத் தெரியுமா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

தெரியாது என்றேன். கூடாரத்தில் ஒரு நொடி சத்தமே இல்லை. மதுரையில் வந்து மீனாட்சி யாரென்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி.

ஸ்டீவ் ஸ்பரியர். அப்பா பாதிரியார், வளர்ந்தது டென்னசி மாநிலத்து ஜான்சன் சிட்டியில். 1964 முதல் 1966 வரை ஃப்ளோரிடா கேட்டர்ஸ் அணிக்குக் குவார்ட்டர்பேக், ஜெர்சி எண் 11. கேட்டர் என்றால் முதலைதான், அந்த ஊர்க் குளங்களில் நிஜமாகவே கிடக்கும்.

தாத்தா எழுந்தார். வயது எண்பதை நெருங்குகிறது, ஒரு முட்டி மாற்றப்பட்ட முட்டி. ஒரு காகித டம்ளரைப் புல்லில் கவிழ்த்து வைத்தார். "1966, அக்டோபர் 29. எதிரே ஆபர்ன். இருபத்தேழுக்கு இருபத்தேழு. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் சொச்சம்." கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. ஆனால் தூரம் 40 கெஜம், அதாவது 36 மீட்டருக்கு மேல். வழக்கமாக உதைக்கிறவருக்கு அது எட்டாத தூரம். நானே உதைக்கிறேன் என்றார் ஸ்பரியர். கோச் ரே கிரேவ்ஸும் சரி என்றுவிட்டார்.

தாத்தா இரண்டடி பின்னால் போனார். வந்தார். உதைத்தார். டம்ளர் பக்கத்துக் கூடாரத்து அடுப்பின்மேல் போய் விழுந்தது. அங்கிருந்தவர்கள் கோபப்படவில்லை. "முப்பதுக்கு இருபத்தேழு!" என்று கத்தினார்கள். வருஷா வருஷம் நடக்கிற கூத்து போலிருக்கிறது.

"இவளும் பக்கத்துலதான் இருந்தா. கேட்டுப் பாருங்க" என்றார் மனைவியைக் காட்டி. பாட்டி கடலை உரித்துக்கொண்டே, "நேரா போச்சு" என்றார்.

அந்த வருஷம் கல்லூரி ஃபுட்பாலின் மிகப்பெரிய விருதான ஹைஸ்மன் டிராஃபி ஸ்பரியருக்குக் கிடைத்தது. அந்த ஒரு உதைதான் வாங்கிக்கொடுத்தது என்பது தாத்தாவின் கட்சி. கோப்பையை வாங்கிய கையோடு அதைப் பல்கலைக்கழகத் தலைவரிடம் கொடுத்துவிட்டாராம் ஸ்பரியர். மாணவர்கள் காசு போட்டு அவருக்கு இன்னொன்று செய்துகொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் விருது கொடுப்பவர்களே ஆட்டக்காரருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று என்று இரண்டாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

1999-ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் பன்னிரண்டு ரன்னில் தோற்ற டெஸ்ட்டை நேரில் பார்த்தேன் என்று சொல்கிறவர்களை எல்லாம் கூட்டினால் மூன்று சேப்பாக்கம் வேண்டும். ஆபர்ன் மேட்ச்சும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சொல்லவில்லை, கடலை அவர்களுடையது.

அதற்குப் பிறகு ஸ்பரியர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அந்தப் பகுதியைத் தாத்தா ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார். மகள் போனில் தேடிக் காட்டினாள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒன்பது வருஷம், பெரும்பாலும் ஜான் ப்ரோடிக்குப் பின்னால் மாற்று ஆளாக. பிறகு 1976-ல் டாம்பா பே அணி. அந்த சீசனில் பதினான்கு ஆட்டம், பதினான்கும் தோல்வி. எனக்கு என்னவோ அவரை அங்கேதான் பிடித்தது. எல்லாம் கைகூடிய ஆள் நல்ல வாத்தியாராக வருவது அபூர்வம். பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவன் ஆட்டத்தை வருஷக்கணக்கில் பார்த்தவனுக்குத்தான் எது எங்கே கோணலாகிறது என்று தெரியும்.

1990-ல் அதே ஃப்ளோரிடாவுக்குக் கோச்சாக வந்தார். இங்கிருந்து கதையை மகன் வாங்கிக்கொண்டார், ஐம்பது வயது, கணக்காளர். தொண்ணூறுகளில் இங்கே மாணவர். அவருக்கு ஸ்பரியர் என்றால் 11-ம் எண் ஜெர்சி இல்லை, வைசர். உச்சந்தலை திறந்த வெயில் தொப்பி. யாராவது தப்பாக ஆடினால் அதைக் கழற்றித் தரையில் வீசுவார். மகன் தன் வைசரைக் கழற்றி வீசிக் காட்டினார். அப்பாவுக்கு உதை, பிள்ளைக்கு வீச்சு. இருவரும் மாறி மாறி நடித்துக்காட்ட, பாட்டி பொருள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வந்ததும் செயற்கைப் புல்லைப் பெயர்த்துவிட்டு நிஜப் புல் போட வைத்தாராம். கல்லூரி அணிகள் குழு குழுவாகச் சேர்ந்து ஆடும், கான்ஃபரன்ஸ் என்று பெயர். அதுவரை ஃப்ளோரிடா தன் கான்ஃபரன்ஸ் பட்டத்தை முறையாக ஒரு தடவைகூட வென்றதில்லை. அவர் வந்த இரண்டாவது வருஷமே வென்றது. பன்னிரண்டு சீசனில் ஆறு பட்டம், 122 வெற்றி, 27 தோல்வி, ஒரு சமன். மற்றவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி ஆடிய காலத்தில் இவர் எறி எறியென்று எறிய வைத்தார். 1996 சீசனில் அதே மாநிலத்து இன்னொரு பல்கலைக்கழகமான ஃப்ளோரிடா ஸ்டேட்டை 52-20 என்று அடித்து தேசியப் பட்டம். அந்த அணியின் குவார்ட்டர்பேக் டேனி வெர்ஃபலுக்கும் ஹைஸ்மன். ஹைஸ்மன் வாங்கியவரே இன்னொரு ஹைஸ்மன்காரரை உருவாக்கியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் தோல்வியே காணாமல் வந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக இரண்டு குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி இறக்கினாராம், பந்து கைக்கு வருகிற ஒரு முறை இவன், அடுத்த முறை அவன். வெளியே வருகிறவன் காதில் பாடம், உள்ளே போகிறவன் முதுகில் தட்டு. 32-29. மகன் இதைச் சொல்லும்போது இரண்டு சாஸ் பாட்டில்களை மேசையில் முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். அந்த இடம் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஓவருக்கு ஓவர் பந்து வீசுகிற ஆளை மாற்றிப் பழகிய கண் நம்முடையது.

ஜார்ஜியா கதையும் அவர் சொன்னதுதான். 1966-ல் ஆபர்னை வென்ற அடுத்த வாரமே ஜார்ஜியாவிடம் 27-10 என்று தோற்றுப் பட்டம் கைநழுவியது. இருபத்தொன்பது வருஷம் கழித்து, 1995-ல், ஜார்ஜியாவின் சொந்த மைதானத்திலேயே ஆட்டம். அங்கே எந்த எதிரணியும் ஐம்பது புள்ளி எடுத்ததில்லை என்று ஸ்பரியர் காதில் விழுந்திருக்கிறது. ஜெயித்து முடிந்த ஆட்டத்தில் கடைசி நிமிஷங்களிலும் விடாமல் அடிக்க வைத்தார். 52-17. உப்புப் போட்டுச் சாப்பிடுகிற ஆள். வாயும் சும்மா இருக்காது, நக்கலில் கவுண்டமணி. ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி பையன்கள் ஓசியில் ஷூ வாங்கி மாட்டிக்கொண்டபோது, எஃப்.எஸ்.யு. என்றால் 'ஃப்ரீ ஷூஸ் யுனிவர்சிட்டி' என்று பெயர் வைத்தார். முப்பது வருஷமாகியும் அந்தப் பெயர் ஓடுகிறது. தோற்ற ஊர்க்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதில் நியாயம் உண்டு என்றுதான் நினைக்கிறேன், மூழ்குகிறவன் தலையில் கல்லைப் போடுவது எனக்கும் பிடிக்காது. மகனிடம் சொன்னேன். "ஆமா, ஆனா அவர் நம்ம ஆளு" என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

மூன்றாவது தலைமுறைப் பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. ஸ்பரியர் உனக்கு என்ன என்று கேட்டேன். "மைதானத்தோட பேரு" என்றான். 2016-ல் புல்வெளிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள்: ஸ்டீவ் ஸ்பரியர் – ஃப்ளோரிடா ஃபீல்ட். 'ஸ்வாம்ப்', அதாவது சதுப்பு, என்று எல்லோரும் சொல்கிற பட்டப்பெயரும் அவர் ஊன்றியதுதான். சதுப்பு முதலைக்குச் சொந்த வீடு, வருகிறவனுக்குக் கலக்கம் என்று அர்த்தம்.

உள்ளே போனபோது அது வெறும் பேச்சில்லை என்று தெரிந்தது. இயற்கையான ஒரு பள்ளத்தில் 1930-ல் கட்டிய ஸ்டேடியம். ஆடுகளம் தெரு மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. நாலா பக்கமும் செங்குத்தாக எண்பத்தெட்டாயிரம் பேர். காற்று உள்ளே வராது, சத்தம் வெளியே போகாது. இரண்டு கைகளையும் முதலை வாய் மாதிரி திறந்து மூடி அத்தனை பேரும் ஆட்டுவதைப் பார்க்கும்போது அடிவயிறு லேசாகக் கலங்கத்தான் செய்கிறது. வெயிலோ நம்மூர் வெயில். கேட்டரேட் பிறந்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான், 1965-ல், ஸ்பரியர் ஆடிக்கொண்டிருந்த நாளில். டாக்டர் ராபர்ட் கேட் என்ற சிறுநீரக நிபுணர் தண்ணீரில் உப்பு, சர்க்கரை கலந்து, குடிக்கச் சகிக்காமல் போக, எலுமிச்சையும் பிழிந்தாராம். நம் வீட்டுப் பாட்டிகள் காப்புரிமை வாங்காமல் விட்டது தப்பு.

என் மஞ்சப்பையை வாசலிலேயே விட வேண்டியதாகிவிட்டது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பைதான் கொண்டுவரலாம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்ததைப் படிக்காதது என் தப்பு. ஆட்டம் மூன்றரை மணி நேரம். கேட்டர்ஸ் ஜெயித்தார்கள். எனக்குப் புரிந்தது கால்வாசி.

திரும்பக் கூடாரத்துக்கு வந்தபோது மகன் சொன்ன கதைதான் மனதில் நிற்கிறது. 2001 சீசனோடு ஸ்பரியர் ஃப்ளோரிடாவை விட்டார். வாஷிங்டனில் தொழில்முறை அணிக்கு இரண்டு வருஷம் கோச், அது ஒட்டவில்லை. 2005-ல் சௌத் கரோலினாவுக்குக் கோச்சானார். 2006 நவம்பரில் எதிரணிக் கோச்சாக இதே மைதானத்துக்குள் நடந்து வந்தார். "நான் எழுந்து கைதட்டினேன். அப்புறம் மூணு மணி நேரம் அவர் தோக்கணும்னு கத்தினேன்." ஃப்ளோரிடா 17, சௌத் கரோலினா 16. கடைசி நொடிகள். 48 கெஜத்திலிருந்து ஒரு உதை, போனால் ஸ்பரியர் ஜெயிக்கிறார். ஃப்ளோரிடாவின் ஜார்விஸ் மாஸ் எம்பி, கையால் தடுத்துவிட்டார். அந்த சீசனில் தேசியப் பட்டமும் ஃப்ளோரிடாவுக்கு வந்தது. ஆபர்ன் மேட்ச்சிலிருந்து சரியாக நாற்பது வருஷம்.

"ஜெயிச்சோம். ஆனா அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை" என்றார் மகன்.

தாத்தா நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அவனே உதைச்சிருந்தா போயிருக்கும்."

கிளம்பும்போது பாட்டி மிச்சக் கடலையை ஒரு பையில் போட்டு என் கையில் திணித்தார். தாத்தா காரைத் திருப்பப் போயிருந்தார்.

"அந்த உதையை நான் பார்க்கலை" என்றார் மெதுவாக.

எனக்கு முதலில் புரியவில்லை.

"66-ல. பயத்துல தலையைக் குனிஞ்சிட்டேன். என் ஷூவைத்தான் பார்த்துட்டு இருந்தேன், லேஸ் அவிழ்ந்திருந்தது. சத்தம் கேட்டுதான் நிமிர்ந்தேன். எல்லாரும் கட்டிப்பிடிச்சாங்க, இவரும் என்னைக் கட்டிப்பிடிச்சார். அதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள பேச்சே கிடையாது."

அவரிடம் சொன்னதே இல்லையா என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கல்யாணம் ஆயிடுச்சு."

கார் வந்து நின்றது. தாத்தா கண்ணாடியை இறக்கி, ஊருக்குப் போனதும் இங்கே கேட்டதையெல்லாம் எழுத வேண்டும் என்றார். எழுதிவிட்டேன். நல்ல வேளையாகத் தமிழில்.