கோவிந்தா கோபாலாவும் ஒரு சருவம் சுக்குக் காப்பியும்

மகாசிவராத்திரிக்கு முந்தின ராத்திரி குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்க ரோடுகளில் பஸ்ஸில் போனால் தூங்க முடியாது. காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் சின்னத் துணிப்பை என்று கூட்டம் கூட்டமாக ஆட்கள் "கோவிந்தா... கோபாலா..." என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். சிவாலய ஓட்டம். முஞ்சிறைப் பக்கம் திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோயில்கள், ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஓடுவது சிவனைப் பார்க்க, கூப்பிடுவது பெருமாளை. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கி மாளாது.

எனக்கு விளக்கியது அம்மை. என் நண்பனின் அம்மா. சிவனைத் தவிர வேறு சாமி பெயரே காதில் விழக் கூடாது என்று இருந்த புருஷாமிருகத்திடம் பீமன் போய் "கோவிந்தா, கோபாலா" என்று சொன்னானாம். அது துரத்த, இவன் ஓட, பிடிபடும் நேரத்தில் எல்லாம் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டானாம். விழுந்த இடத்தில் லிங்கம். மிருகம் நின்று பூசை செய்யும், பீமன் தப்பிப்பான். அப்படி 12 இடம். கதையை முடித்துவிட்டு, "பீமனே ஓடித்தான் பிழைச்சான், உனக்கென்னல பள்ளிக்கூடத்துக்கு நடந்து போறதுக்கு மடி?" என்பாள். எந்தப் புராணமும் அவளிடம் கடைசியில் எங்கள் தலையில்தான் வந்து முடியும்.

இந்த மாசியில் நான் கிளம்பியதும் அந்த ஓட்டத்துக்காகத்தான், ஓடுவதற்கு அல்ல. நாகர்கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, வடசேரியில் தக்கலை பஸ், அங்கிருந்து குலசேகரம் பஸ். ரோட்டின் ரெண்டு பக்கமும் ரப்பர் மரம் வந்துவிட்டால் இறங்க வேண்டிய இடம் கிட்டே என்று அர்த்தம். பொன்மனைக்கும் பன்னிப்பாகத்துக்கும் நடுவே, ரோட்டை ஒட்டின ஓட்டு வீடு. அந்த வாசலில் ஓட்டக்காரர்களுக்குச் சுக்குக் காப்பி கொடுப்பது அம்மையின் வழக்கம். போன வருஷம் அவள் போய்விட்டாள். இந்த வருஷம் நண்பன் போட்டான்.

என் அப்பா அரசாங்க வேலையில் மாற்றலாகி இந்தப் பக்கம் வந்தவர். அம்மாவுக்கும் வேலை. பள்ளிக்கூடம் விட்டால் இருட்டும் வரை நான் நண்பன் வீட்டில்தான். அம்மைக்கு அண்டி ஆபீஸில் வேலை. முந்திரிக்கொட்டையை அண்டி என்றும், அதை உடைக்கிற ஃபாக்டரியை ஆபீஸ் என்றும் சொல்லுகிற ஊர் இது. ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலில் வரும் கொட்டையை வறுத்து, உடைத்து, தோலுரித்து, தரம் பிரிப்பார்கள். அம்மை உடைக்கிற பிரிவு. சின்னக் கட்டையால் ஒரே தட்டு. ஓடு ரெண்டாகப் பிளக்க வேண்டும், பருப்பு முழுசாக வர வேண்டும். முழுப் பருப்புக்குத்தான் விலை. உடைந்தால் மேஸ்திரி முகம் சுளிப்பார். 320 என்று ஒரு தரம் உண்டு. ஒரு பவுண்டுக்கு அத்தனை பருப்பு நிற்கும் என்று கணக்கு. எண் குறையக் குறைய பருப்பு பெரிசு, விலையும் பெரிசு. அந்தப் பெரிய பருப்பை அம்மை வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டில் இருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கறுத்து, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து கிடக்கும். சாயங்காலம் வந்ததும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, வைக்கோலால் கழுவி, அப்புறம்தான் சோற்றுப் பானையைத் தொடுவாள். கறுப்பு போகாது. அந்தக் கையால் மரச்சீனிக் கிழங்கைப் பிசைந்து, சாளைக் குழம்பை ஊற்றி, எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே தட்டில் வைப்பாள். யார் வேகமாகத் தின்கிறானோ அவனுக்கு மீன் கூடுதல். இதில் நியாயம் பேசினால் ரெண்டு பேருக்கும் கிடையாது.

ஒருநாள் கொல்லாமரத்தடியில் பொறுக்கின பச்சை அண்டியை ஓலைத் தீயில் சுட்டோம். எண்ணெய் தெறித்து அவனுக்கு உதட்டிலும் எனக்குக் கன்னத்திலும் பொத்துப் போனது. அம்மை வந்தாள். பக்கத்தில் நின்றதால் முதல் அடி எனக்கு. அவனுக்கு ரெண்டாவது. அதன் பிறகுதான் எண்ணெய் தடவினாள், திட்டிக்கொண்டே. என்னைக் கூட்டிப் போக வந்த அம்மாவிடம், "உம் பிள்ளையை நான் அடிச்சிற்றேன், வேணும்னா நீயும் ரெண்டு போடு" என்றாள். ஊராரின் பிள்ளையை அடித்துவிட்டோமே என்கிற தயக்கம் துளிகூட இல்லை. எங்கள் வீட்டிலும் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய், ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது அம்மை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். சாயா கண்ணாடி டம்ளரில், கீழே தட்டு வைத்து. எனக்கு என்னமோ போலாகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு எதற்கு நாற்காலி? நான் பாதிச் சாயாவை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, கடையில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். அவ்வளவுதான். "கடையில திங்கதுக்கா இங்க வந்த? பெரிய ஆளாயிற்றியோ? இரில அங்க" என்று ஒரு சத்தம். நாற்காலியில் இருந்து எழுந்து திண்ணைக்கு வந்தேன். அன்றைக்கு உளுந்தஞ்சோறு.

சரி, சிவராத்திரிக்கு வருவோம். விடியும் முன்பே நண்பன் அடுப்பு மூட்டிவிட்டான். அதே பித்தளைச் சருவம். கருப்பட்டி, சுக்கு, மல்லி. அடுத்து என்ன என்பதில்தான் சண்டை. துளசி என்றான் அவன். ஏலக்காய் என்றார் அவன் மனைவி. தூக்கத்தில் இருந்து எழுப்பி போனில் கேட்டால், ரெண்டுமே கிடையாது, நல்லமிளகு என்றார் அவன் அக்கா. நான் என் பங்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. வளர்ந்த வீட்டில் குடித்தோமே தவிர, எவனும் அடுப்பைப் பார்க்கவில்லை.

கூட்டம் வர ஆரம்பித்தது. பாதிப் பேர் இப்போது பைக்கிலும் வேனிலும் போகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் ஓடாத நான் இதைச் சொல்லக் கூடாது. நடந்து வந்தவர்கள் மட்டும் நின்று குடித்தார்கள். கால் வெடித்து, விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அந்த அம்மா இல்லையா?"

"போன வருஷம் தவறிட்டாங்க தாத்தா."

அவர் டம்ளரைக் காலி செய்தார். இன்னொன்று கேட்டு வாங்கினார். "அவங்க போட்டா மிளகு தொண்டையில நிக்கும். இது பாயசம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, கோவிந்தா என்று ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

நண்பனின் மனைவி மிளகு இடிக்க உள்ளே போனார். நண்பன் அக்காவுக்கு போன் போட்டு, "நீ சொன்னதுதான் சரி, இனி இதையே சொல்லிக் காட்டிக்கிட்டு இருக்காத" என்றான்.